மண்ணெண்ணெயில் கழுவிய பிரேக் ரப்பர்

போன கிழமை வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், சிவப்பு விளக்கில், ஒரு பெரிய ஜீப் வந்து நின்றது. பின்னால் இழுத்துவந்த ஒரு கரவன், சக்கரம் பூட்டிய சின்ன வீடு. மலைப் பக்கமிருந்து இறங்கி வந்திருக்க வேண்டும். அது நின்ற கையோடு அந்த மணம் வந்தது. கருகிய பிரேக்கின் மணம். தெருவில் நின்ற வேறு யாருக்கும் அது தெரிந்ததாக இல்லை. நான் ஊன்றுகோலால் ஜீப்பின் கண்ணாடியில் தட்டி, "பின்சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது, ஓரம்கட்டிப் பார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஓட்டி வந்தவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். என் மகள் "அப்பா, ப்ளீஸ்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். விளக்குப் பச்சையானதும் அவன் போய்விட்டான். மணம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

நீர் என்றால் அவனைப் போகவிட்டிருக்க மாட்டீர். தெருவில் குந்தி அந்தச் சக்கரத்துக்குக் கிட்டக் கையை நீட்டிப் பார்த்திருப்பீர். பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தாலும் எழும்பியிருக்க மாட்டீர்.

உமது இறுதிச் சடங்குக்கு நான் வந்திருந்தேன். பேச விரும்புகிறவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றார்கள். நான் பெயர் கொடுக்கவில்லை. உம்மைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவதைவிடச் சும்மா இருக்கலாம். பேசியவர்கள் உம்மைச் சாந்தமானவர் என்றார்கள், எல்லாருக்கும் விட்டுக்கொடுப்பவர் என்றார்கள். உம்மோடு ஒரு வாரஇறுதி முழுவதும் வாகனத்துக்கு அடியில் கிடந்த எவனும் அப்படிச் சொல்லமாட்டான். அப்படிக் கிடந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே இதை எழுத வேண்டியவனும் நான்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கடல் கடந்து நாங்கள் குடிவந்த இந்தப் பக்கத்தில் அப்போது தமிழ்க் கடை ஒன்றும் இல்லை, தமிழ்ச் சத்தமே அரிது. பரமட்டா ஸ்டேஷன் மேடையில் நானும் மனைவியும் உரத்துச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். யாருக்கும் விளங்காது என்ற துணிவு. அப்போதுதான் நீர் வந்து, "ஏனுங்க, தமிழுங்களா?" என்று கேட்டீர். முகம் முழுக்கச் சிரிப்பு. என் மனைவிக்கு வெட்கம் தாங்கவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம், நீர் இறைக்கும் மோட்டார் செய்யும் பட்டறையில் வேலை செய்தவர், இங்கேயும் ஒரு பம்ப் தொழிற்சாலை, வெஸ்ட்மீட்டில் ஒரு வாடகை அறை. இவ்வளவும் ரயில் வருமுன் சொல்லி முடித்தீர். நான் யாழ்ப்பாணத்து வழக்கப்படி உம்மை "நீர்" என்று பேசினேன். "என்னங்கண்ணா, சாமிகிட்ட வேண்டற மாதிரியே பேசறீங்க" என்று சிரித்தீர். நான் மாற்றவில்லை. பிறகு உமக்கும் பழகிவிட்டது. இந்தக் கடிதத்திலும் மாற்றப் போவதில்லை.

அந்த நாட்களில் நான் தொழிற்சாலை வேலையை விட்டு நின்றேன். விட்ட காரணம் உமக்குத் தெரியும். ஆனால் வாசிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு காலையில் நான் இயக்கத் தொடங்கிய அச்சு இயந்திரம் உடைந்தது. முந்தின இரவு அதில் வேலை செய்தவன் ஆணிகளை இறுக்காமல் போயிருந்தான். அவன் அங்கேதான் நின்றான். அவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். மேற்பார்வையாளர் "யார் செய்தது?" என்று கேட்டபோது அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றான். பழி என்னிடம் வந்தது. ஒரு மன்னிப்புக் கேட்டால் வேலை தப்பும் என்றார்கள். செய்யாததற்கு என்ன மன்னிப்பு? மேலங்கியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

அதன் பிறகுதான் அந்த யூட்டை வாங்கினேன். முன்னால் இருவர் இருக்கலாம், பின்னால் திறந்த பெட்டி. கட்டட வேலைக்காரன் ஒருவன் ஓட்டித் தேய்த்து விற்றது. அதன் மைல்மானி ஒருமுறை முழுச் சுற்றும் போய், மறுபடி தொடக்கத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. பழைய கரவன்களை வாங்கி விற்கும் ஒருவரிடம் அவற்றை இழுத்துக்கொண்டு போய்க் கொடுக்கும் வேலை எடுத்தேன். முதலில் பக்கத்து ஊர்கள், சமதரைப் பாதைகள். பிறகு அவர் ஒருநாள் சொன்னார்: நகருக்கு மேற்கே நிற்கும் நீலமலை தாண்டி, லித்கோவுக்கு அப்பால் ஒரு கரவன் தங்குமிடம் புதிதாகத் திறக்கிறார்கள். வரும் திங்கட்கிழமை முதலாவது கரவன் போக வேண்டும். ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அந்தப் பாதை முழுக்க உனக்குத்தான்.

தையல் தொழிற்சாலையில் என் மனைவி குனிந்திருந்து உழைத்த சம்பளத்தில்தான் அப்போது அடுப்பு எரிந்தது. அந்தப் பாதை கிடைத்தால் நான் ஒரு தொழில்காரன். கிடைக்காவிட்டால் அந்த மேற்பார்வையாளரின் வாசலுக்குத் திரும்பிப் போக வேண்டும். நிலைமை அவ்வளவுதான்.

மலையின் மறுபுறம் விக்டோரியா இறக்கம் இருக்கிறது. பாரம் இழுக்கும் வண்டிகளை அது நன்றாகச் சோதிக்கும். என் யூட்டின் பிரேக்கோ, சின்ன மேட்டில் இறங்கும்போதே மிதித்த பாதம் வண்டியின் அடிப்பலகை வரை போகத் தொடங்கியிருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளில் நான்கு சக்கரமும் பிரித்துப் புதிதாக்குவது என்று முடிவு செய்தேன். உம்மை நான் கூப்பிடவில்லை. நீராகத்தான் வந்தீர். காற்சட்டைக்கு மேல் பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு, சனிக்கிழமை விடிந்ததும் எங்கள் வளவில் நின்றீர்.

சக்கரங்களைக் கழற்றி, சுத்தியலால் தட்டித் தட்டி, சக்கரத்தோடு சுழலும் இரும்பு டிரம்களை இழுத்தெடுத்தோம். உள்ளே பார்த்ததும் நீர் விசிலடித்தீர். டிரம்களில் விரல் புதையும் அளவுக்குத் தடம். டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவின் தோல் தேய்ந்து ஆணித் தலைகள் வெளியே வந்திருந்தன. ஷூவைத் தள்ளுகிற சின்னச் சிலிண்டர்கள் நான்கும் ஒழுகிக்கொண்டிருந்தன.

"இதுலயா கரவன் இழுத்தீங்க?"

"இழுத்தனான்தானே. உயிரோடைதானே நிக்கிறன்."

"அது உங்க சாமர்த்தியமில்லீங்க. அக்கா தாலி பாக்கியம்."

குசினி யன்னலுக்குள் இருந்து என் மனைவியின் சிரிப்புக் கேட்டது.

அக்காலத்தில் சனிக்கிழமை மதியத்தோடு கடை எல்லாம் பூட்டிவிடுவார்கள். பிறகு திங்கள் காலைதான். அதனால் நான் டிரம்களைத் தூக்கிக்கொண்டு, கடைசல் பட்டறை பூட்டுமுன் அவற்றை உள்ளே சீவி மட்டமாக்கி வாங்க ஓடினேன். புது ஷூவும், சிலிண்டருக்குள் போகும் புது ரப்பர்களும் முன்னமே வாங்கி வைத்திருந்தேன். முன்சக்கரங்களின் சிலிண்டர்களைப் புறப்படுமுன் நானே பூட்டிவிட்டேன். பின்சக்கரங்களுடையதை நீர் துப்புரவாக்கிப் பூட்டி வைப்பதாகச் சொன்னீர். நான் திரும்பி வந்தபோது பூட்டியிருந்தது. வடிவான வேலை. ஒரு குறை சொல்ல இடமில்லை. சொல்லக்கூடியதாக ஏதும் இருந்திருந்தால் நான் சொல்லாமல் விட்டிருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை புது பிரேக் ஒயில் ஊற்றிக் காற்றெடுத்தோம். ஒருவர் உள்ளே இருந்து மிதிக்க, மற்றவர் கீழே கிடந்து சக்கரத்தடியில் உள்ள மூடியைத் திறந்து, குழாய்க்குள் இருக்கிற காற்றை ஒயிலோடு வெளியேற்ற வேண்டும். பிரேக் மிதிக்குத் தூரத்துச் சக்கரத்தில் தொடங்க வேண்டும் என்றேன் நான். கிட்டத்துச் சக்கரம் என்றீர் நீர். அதற்கு ஒரு பெரிய சண்டை. நான் சொன்னபடிதான் செய்தோம். நான் சொன்னதுதான் சரி. பிற்காலத்தில் எத்தனையோ முறை அந்தக் கதையை எடுத்தீர். நீர் இப்போது பதில் சொல்ல முடியாது என்பதற்காக நான் என் பக்கத்தைக் குறைத்துச் சொல்லப் போவதில்லை.

எல்லாம் முடிந்து தெருவில் ஓட்டிப் பார்த்தோம். மிதித்த இடத்தில் கல் மாதிரி நின்றது. இருவரும் கத்திச் சிரித்தோம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "யாருக்கும் காயமா?" என்று கேட்டார்.

மனைவி சோறு போட்டுக் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் நல்லா கையைக் கழுவிப்போட்டு வாங்கோ. போன முறை என்ரை கதிரையெல்லாம் கிறீஸ்."

மீன்குழம்பு. நீர் இரண்டாம் முறை சோறு வாங்கிப் பிசைந்துகொண்டிருந்தீர். நான் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் இந்த வேலை படிப்பித்ததில்லை. நூலகத்தில் எடுத்த கைநூலை அகராதி வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தவன். அந்தப் பெருமையில் சொன்னேன்: "உந்தப் பிரேக் ரப்பர் இருக்கெல்லோ ஐசே, அது பெரிய சங்கதி. பிரேக் ஒயிலைத் தவிர வேறை எண்ணெய் ஒண்டும் படக்கூடாது. பட்டுதெண்டால் ஊதிப்போம். பிறகு பிடிச்ச பிரேக் விடாது. தேய்ச்சுத் தேய்ச்சுச் சூடேறும். கடைசியிலை பிரேக்கே இருக்காது."

உமது கை சோற்றில் நின்றது.

நீர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அதைத்தான் நான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். யாரும் உம்மைக் கேட்கவில்லை. யாருக்கும் தெரிய வழியில்லை. வண்டி கல் மாதிரி நின்றதை நானே பார்த்திருந்தேன். நீர் பேசாமல் அந்தக் கவளத்தை வாயில் வைத்திருக்கலாம். ஆனால் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னீர்.

"அண்ணா, நான் மண்ணெண்ணெயில கழுவிப்புட்டனுங்க."

"எதை?"

"பின்னாடி போட்ட ரப்பர. நாலும். ஹீட்டருக்கு வெச்சிருந்த டின்னுல இருந்து ஊத்திக் கழுவினேன். பவுடர் ஒட்டியிருந்துச்சுங்க."

உமது ஊர்ப் பட்டறையில் மோட்டார், பம்ப், கை, கால் எல்லாமே மண்ணெண்ணெயில்தான் கழுவுவார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான். தோட்டத்துக்கு நீர் இறைக்கும் இயந்திரமே மண்ணெண்ணெயில் ஓடியது. அந்தக் கைநூலைப் படிக்காமல் இருந்திருந்தால் நானும் யோசிக்காமல் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் அதை அப்போது சொல்லவில்லை. நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்று எழுத வேண்டியதில்லை. மனைவி எழுந்து யன்னலைச் சாத்தினார்.

கத்தி முடித்து ஒரு முடிவு சொன்னேன். கடை நாளைக்குத்தான் திறக்கும். நான் காலையில் கரவனை எடுக்க வேண்டும். ரப்பர் உடனே ஊதாது. முன்பிரேக் புதிது, சரியாக இருக்கிறது. சின்னக் கியரில் மெதுவாக இறக்கிப்போய்க் கொடுத்துவிட்டு வந்து பின்னதை மாற்றிக்கொள்ளலாம்.

நீர் கையைக் கழுவிக்கொண்டு வளவுக்குள் போனீர். நான் பின்னால் வந்தபோது பின்சக்கரத்தை உயர்த்திக்கொண்டிருந்தீர்.

"என்ன ஐசே செய்யிறீர்? விடும் அதை!"

"நீங்க திட்டிட்டே இருங்க. நான் கழட்டிக்கறேன்."

"உது என்ரை வண்டி!"

"வண்டி உங்களதுதானுங்க. உள்ள இருக்கிற தப்பு என்னோடது. அத எடுத்துக்கறேன்."

நான் உமது கையிலிருந்த ஸ்பானரைப் பறித்தேன். நீர் வேறொன்றை எடுத்தீர். அதையும் பறித்தேன். பெட்டியில் ஸ்பானர்கள் நிறைய இருந்தன. கடைசியில் நான்தான் களைத்துப்போய் வாழைக்கன்றடியில் குந்தினேன். சாந்தமானவராம், விட்டுக்கொடுப்பவராம்.

டிரம்மை எடுத்துச் சிலிண்டரைத் திறந்து, ரப்பரை விரலால் தள்ளினீர். வழுக்கிக்கொண்டு வெளியே வர வேண்டியது, இறுகிப் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தீர். ஊறப்போட்ட உழுந்து மாதிரி மெத்தென்று உப்பியிருந்தது. வலப்பக்கத்து இரண்டும் அப்படித்தான் இருந்தன. இடப்பக்கத்தவை அவ்வளவு மோசமில்லை என்று நான் அன்று சொன்னேன். இன்றும் அதுதான் என் எண்ணம்.

திங்கள் காலை நான் கரவன் விற்பவரின் யார்டுக்குப் போக ஆயத்தமானபோது நீர் வாசலில் நின்றீர். வேலைக்குப் போகவில்லை.

"உமக்கு அங்கை என்ன வேலை?"

"சும்மா வர்றனுங்க."

பஸ்ஸில்தான் போனோம். வண்டிக்குப் பின்சக்கரம் இல்லையே. யார்டுக்காரர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வண்டி எங்கே என்றார். பிரேக் வேலை முடியவில்லை என்றேன். "மேட், எனக்குக் காரணம் வேண்டாம், வண்டிதான் வேண்டும்" என்றார். சுற்றி வேறு டிரைவர்கள் நின்றார்கள். அவர்களில் ஒருவன் அந்தக் கரவனை இழுக்க ஏற்கனவே தன் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான். எனக்குத் தொழிற்சாலையில் நின்ற அதே நிற்பு. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

உமது ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம். ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னீர்: "பிழை இவருடையது இல்லை. நான் செய்தது. தவறான எண்ணெயில் கழுவினேன். இவர் வரத் தயாராக இருந்தார். சக்கரத்தைக் கழற்றியது நான்."

யார்டுக்காரர் உம்மை மேலும் கீழும் பார்த்தார். "நீ யார்? இவனுடைய வேலைக்காரனா?"

"இல்லை. பக்கத்தில் இருக்கிறேன்."

"பிறகு உனக்கென்ன?"

உமக்கு அதற்கு ஆங்கிலம் வரவில்லை. தமிழிலும் வந்திருக்காது என்று நினைக்கிறேன். தோளைக் குலுக்கினீர். அவர் சிரித்துவிட்டார். அன்றைய கரவன் மற்றவனோடுதான் போயிற்று. ஆனால் அவர் என்னிடம் திரும்பி, "புதன்கிழமை இன்னொன்று போக வேண்டும். அந்த இறக்கத்தில் ஏதாவது நடந்தால் இந்தப் படலைக்குள் இனிக் காலெடுத்து வைக்காதே" என்றார்.

ஒருவன் தான் செய்ததை 'நான்தான் செய்தேன்' என்று எனக்காக ஒரு கூட்டத்துக்கு முன்னால் சொன்னது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான். பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். நீர் பேச்சுக் கொடுத்தும் நான் திரும்பவில்லை. கோபம் என்று நினைத்திருப்பீர். கோபமும் இருந்தது.

அன்று மாலையே புது ரப்பர் போட்டோம். குழாய்களில் கிடந்த ஒயிலையும் வடித்து மாற்றினோம். செவ்வாயன்று நான் வெறும் வண்டியைத் துங்காபி மேடுகளில் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். புதன்கிழமை காலை கரவனைக் கொழுவிக்கொண்டு வீட்டடியில் நிறுத்தினால், நீர் சோறும் தயிரும் போட்ட பாத்திரத்தோடு நிற்கிறீர்.

"எங்கை வெளிக்கிட்டிட்டீர்?"

"மலைக்குத்தானுங்க."

"ஏன், என்ரை ஓட்டத்திலை நம்பிக்கை இல்லையோ?"

"உங்க ஓட்டத்துல முழு நம்பிக்கைங்க. என் கை மேலதான் கொஞ்சம் சந்தேகம். சந்தேகத்த வெச்சுக்கிட்டு உங்கள மட்டும் தனியா அனுப்பறது நல்லாயிருக்குமுங்களா?"

நீர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினீர்.

இறக்கம் தொடங்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னீர். இறங்கி நான்கு சக்கரத்துக்கும் கிட்ட உள்ளங்கையை நீட்டி, அடுப்புச் சூடு பார்ப்பதுபோலப் பார்த்தீர். நான்கும் ஒரே அளவு என்றீர். சின்னக் கியரில் இறங்கினோம். கரவன் பின்னாலிருந்து தள்ளுவது முதுகில் தெரிந்தது. பாதி வழியில் வளைவைத் தாண்டினால் மரம் ஏற்றிய லொறி ஒன்று பாதையை மறித்துக்கொண்டு நின்றது. மிதித்தேன். அந்த வண்டியில் அப்படி ஒரு மிதி அதற்கு முன் மிதித்ததில்லை. யூட் மூக்கை இறக்கி, ஒரு பக்கமும் இழுக்காமல், கோடு போட்ட மாதிரி நேரே நின்றது. கரவனும் அதன் பின்னால் நேரே நின்றது.

நான் உம்மைத் திரும்பிப் பார்த்தேன். நீர் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. இரண்டு கையும் மடியிலிருந்த பாத்திரத்தின் மேல் இருந்தன. "தயிர் சிந்தலீங்க" என்றீர்.

அந்தப் பாதை எனக்குக் கிடைத்தது. வருடங்கள் போய் எனக்கென்று ஒரு கராஜ் வந்தது. அங்கே நான் ஒரு வழக்கம் வைத்தேன். பிரேக் வேலை செய்தவன் எவனோ, அவனே வாடிக்கைக்காரருக்குப் பக்கத்தில் ஏறி முதல் இறக்கம் போய்வர வேண்டும். நேரம் வீண் என்றார் கணக்குப் பார்த்தவர். வேலை செய்தவர்கள் முறுமுறுத்தார்கள். நான் மாற்றவில்லை. இது யார் கண்டுபிடித்த சட்டம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் உம்மைக் கைகாட்டினேன். நீர் கராஜுக்கு வந்தபோதெல்லாம் என் ஆட்கள் உம்மை முறைத்ததற்குக் காரணம் அதுதான். நீர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இப்போது எனக்கு வண்டி ஓட்ட அனுமதி இல்லை. கண் போதாது என்று ஒரு டொக்டர் பெண் எழுதிக் கொடுத்துவிட்டாள். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. போன மாதம் குவேக்கர்ஸ் ஹில்லில் மகளின் காருக்குப் பிரேக் மாற்றினார்கள். மாற்றியவனை எங்களோடு ஒரு இறக்கம் வரச் சொன்னேன். காப்புறுதி இடம் கொடுக்காது என்றான். அப்படியென்றால் சக்கரத்தைக் கழற்று, நான் பார்க்க வேண்டும் என்றேன். மகள் தலையில் கைவைத்தாள். அவன் மூச்சுவிட்டுக்கொண்டு கழற்றினான். ஊன்றுகோலை ஊன்றிக் குந்தி, நான்கையும் தொட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் செய்திருந்தான். சரி என்று நான் வாயால் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அது என் பிரேக்.

மகள் அன்றைக்கு ஏதோ அலுவலாக மலை தாண்டிப் போக இருந்தாள். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. "யூ ஸ்டே ஹோம், அப்பா" என்றாள். நான் முன்கதவைத் திறந்து ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். அவள் எவ்வளவு சொல்லியும், அந்த இறக்கத்தின் அடி வரும்வரை நான் இறங்கவில்லை.